சதுப்பில் படிந்த காலம்: நீலகிரிப் புல்வெளிகளின் தொல்வரலாறும் இன்றைய காப்புப் பணியும்

ஒரு நிலப்பரப்பை அதன் இயல்பான நிலையில் காக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள், எந்தக் காலத்து நிலையை இயல்பு என்று கொள்வது என்பதையும் அதே மூச்சில் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டாவது முடிவு எந்தப் பணித்திட்டத்திலும் வெளிப்படையாக எழுதப்படுவதில்லை. முதல் நில அளவை நடந்த ஆண்டோ, முதல் செயற்கைக்கோள் படம் கிடைத்த ஆண்டோ, பொறுப்பிலிருக்கும் அலுவலர் முதன்முதலாக அக்காட்டைக் கண்ட ஆண்டோ ஒப்பீட்டின் தொடக்கமாக அமைந்துவிடுகிறது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல், ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தம் பணியின் தொடக்கத்தில் கடலில் இருந்த மீன்வளத்தையே முழு வளமாகக் கருதுவதால் இழப்பின் உண்மையான அளவு கண்ணுக்குத் தெரியாமலே போகிறது என்று சுட்டிக்காட்டி, அதற்கு நகரும் அடிப்படை என்று பெயரிட்டார். கடலுக்குச் சொன்னது காட்டுக்கும் பொருந்தும். காட்டைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலும் உண்டு. சில மரங்களின் ஆயுளே பல நூறு ஆண்டுகள் என்பதால், முப்பது ஆண்டுக் கண்காணிப்பு என்பது அக்காட்டின் ஒரு தலைமுறையைக்கூட எட்டுவதில்லை.

இக்குறையை ஓரளவேனும் நிரப்ப வந்த துறை தொல்சூழலியல். ஏரிகளின் அடியிலும் சதுப்புகளிலும் ஆண்டுதோறும் படியும் சேற்றில், சுற்றுப்புறத் தாவரங்களின் மகரந்தத்தூள், காட்டுத்தீயின் கரித்துகள், சாணத்தில் வளரும் பூஞ்சைகளின் வித்துகள் முதலியன சிக்கிக்கொள்கின்றன; காற்றுப் புகாத ஈரத்தில் இவை அழுகாமல் நிலைப்பதால், சேற்றைக் குழாய்வடிவில் அகழ்ந்தெடுத்து மேலிருந்து கீழாக ஆராயும்போது அண்மைக் காலத்திலிருந்து தொல்காலம் வரையிலான தாவர வரலாறு அடுக்கடுக்காக வெளிப்படுகிறது. மகரந்தத்தூளை இவ்வாறு எண்ணிக் கணக்கிட்டு ஒரு நாட்டின் காட்டு வரலாற்றை எழுத முடியும் என்பதைச் சுவீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட் 1916இல் தம் உரையொன்றில் காட்டினார். அடுக்குகளுக்குக் காலம் குறிக்கும் வழி அப்போது இல்லை. 1949இல் வில்லார்டு லிப்பியும் அவருடன் பணியாற்றியவர்களும் கதிரியக்கக் கார்பன் முறையை நிறுவிய பின்னரே, ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகள் வரையிலான படிவுகளுக்கு உறுதியான வயது சொல்ல இயன்றது. இத்துறையில் ‘இன்றைக்கு முன்’ என்று குறிக்கப்படும் ஆண்டுகள் யாவும் 1950ஐ இன்றாகக் கொண்டு எண்ணப்படுபவை.

இவ்வரலாறு காப்புப் பணிக்கு என்ன தரும் என்ற கேள்விக்குப் பொதுவில் விடை சொல்வதைவிட, ஒரே இடத்தை ஆழமாகப் பார்ப்பது பயனுடையது. தமிழ்நாட்டில் அதற்கு நீலகிரியைக் காட்டிலும் பொருத்தமான இடமில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேற்பட்ட அதன் மேட்டுநிலத்தில், மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, பசுமை மாறாச் சோலைக்காடுகளும், அவற்றைச் சூழ்ந்து குன்றுச்சரிவெங்கும் புல்வெளிகளும் பரவிக் கிடந்தன. சோலைக்கும் புல்வெளிக்கும் இடையே படிப்படியான மாற்றம் இல்லை. கத்தியால் அரிந்ததுபோல் ஒன்று முடியுமிடத்தில் மற்றது தொடங்குகிறது. ஆங்காங்கே புல்லிடையே காட்டுப்பூவரசு மரங்கள் மட்டும் தனித்து நிற்கும். வரையாடு மேய்வதும் தொதவர்களின் எருமைகள் மேய்வதும் இப்புல்வெளியில்தான்.

மழை மிகுந்த ஓரிடத்தில் மரம் ஏன் எங்கும் பரவவில்லை? இதுவே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த விவாதம். 1938இல் இந்தியன் ஃபாரஸ்டர் இதழில் இதற்கு இரண்டு எதிரெதிர் விடைகள் வெளிவந்தன. குளிர்கால உறைபனி மரக்கன்றுகளைக் கொல்வதால் புல்வெளி தானே நிலைத்திருக்கிறது என்பது சி. ஆர். ரங்கநாதனின் வாதம், மேய்ச்சலாலும் மனிதர் வைத்த தீயாலும் அழிந்த சோலையின் எச்சமே புல்வெளி என்பது என். எல். போரின் வாதம். கல்வி உலகத்துச் சச்சரவாக மட்டும் இது நின்றிருந்தால் இன்று யாரும் நினைவுகூர வேண்டியிருக்காது. புல்வெளி ஓர் அழிந்த காடு என்றால், அதில் மரம் நடுவது சீரமைப்பு. புல்வெளி தனக்கெனத் தொன்மையுடைய ஓர் அமைப்பு என்றால், மரம் நடுவதே அழிப்பு. நிருவாகம் முதலாவதை நம்பியது, அல்லது நம்புவது அதற்கு வசதியாக இருந்தது. 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறிய பின் பெருகிய குடியிருப்புகளுக்கு விறகு தேவைப்பட்டது. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின் தோல் பதனிடுவதற்கான சீகைப்பட்டையும், செயற்கை இழை ஆலைகளுக்கான மரக்கூழும் தேவைப்பட்டபோது, அயல்நாட்டு ஆட்சி தொடங்கியதை உள்நாட்டு ஆட்சி இன்னும் விரைவாக நடத்தியது. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, அங்கிருந்த மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்றும், மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே அதற்குக் காரணம் என்றும் காட்டியது.

விவாதத்தைத் தீர்க்கும் சான்று நீலகிரியின் சதுப்புகளிலேயே கிடந்தது. பள்ளத்தாக்குகளின் அடியில், குளிராலும் ஈரத்தாலும் முழுதும் மக்காத தாவரப்பொருள் பல ஆயிரம் ஆண்டுகளாகக் குவிந்து கருஞ்சேறாக நிற்கிறது. பீட் எனப்படும் இப்படிவு வெப்பமண்டலத்தில் அரிதாகவே கிடைப்பது. லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த விஷ்ணு மித்ரே உள்ளிட்டோர் 1960களிலிருந்தே இச்சதுப்புகளின் மகரந்தத்தூளை ஆராய்ந்தனர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வுமரபில் உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாச் சதுப்பு தனிக்கவனம் பெற்றது. 1993இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, மகரந்தத்தூளை விட்டுவிட்டுக் கார்பனின் வழியே இவ்வரலாற்றைப் படித்தது.

அதன் அடிப்படை எளிதானது. காற்றிலுள்ள கார்பனில் பெரும்பகுதி நிறை 12 உடையது. சிறு பகுதி, நிறை 13 உடைய ஐசோடோப்பு, அதாவது அதே தனிமத்தின் சற்றே கனமான வடிவம். மரங்களும் குளிர்நிலத் தாவரங்களும் மேற்கொள்ளும் ஒளிச்சேர்க்கை முறை சி3 எனப்படும். அது கனமான கார்பனைப் பெரிதும் ஒதுக்குகிறது. வெப்பமண்டலப் புற்களில் பல மேற்கொள்ளும் சி4 முறை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. எனவே பன்னாட்டு அளவுகோலோடு ஒப்பிடுகையில் சி3 தாவரங்களில் ஆயிரத்துக்கு 27 அளவிலும், சி4 தாவரங்களில் ஆயிரத்துக்கு 13 அளவிலும் கனமான கார்பன் குறைந்திருக்கும். தாவரம் மக்கிச் சேறான பிறகும் இவ்வேறுபாடு அழிவதில்லை என்பதால், ஓர் அடுக்கின் சேற்றை அளந்து, அது படிந்த காலத்தில் எவ்வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

அக்கட்டுரை வரைந்த சித்திரத்தின்படி, இன்றைக்கு 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், வடபுலத்துப் பனிப்படலங்கள் பெருகித் தென்மேற்குப் பருவமழை நலிந்திருந்தபோது, நீலகிரி மேட்டுநிலத்தில் வறட்சியைத் தாங்கும் சி4 புற்கள் மேலோங்கியிருந்தன. பின்னர் மழை வலுத்து, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் உச்சத்தை எட்டியபோது சி3 தாவரங்கள் பெருகின. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறட்சி. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் குறுகிய ஈரக்காலம் ஒன்று. மேட்டுநிலத்தில் மனிதக் குடியிருப்புக்கு இன்று கிடைக்கும் வலுவான சான்றுகள் இரும்புக் காலத்துக் கல்வட்டங்களும் ஈமக்குழிகளுமே. தொதவரைக் குறிப்பிடும் மிகப் பழைய கல்வெட்டாகக் கருதப்படும் ஹொய்சளத் தளபதி புணீசனின் கல்வெட்டு 1117ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆக, மேய்ப்பவரும் தீ வைப்பவரும் மலைக்கு வந்துசேர்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புல்வெளி அங்கு இருந்தது. புல்வெளியைத் தொதவர்கள் உருவாக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு, அவர்களை மேய்ச்சல் நிலத்திலிருந்து அகற்றுவதற்குப் பயன்பட்ட ஒன்று, இவ்வளவில் ஆதாரமற்றதாகிறது.

ஆயினும் சதுப்பின் சான்றைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதற்கு முன் அதன் ஊனங்களையும் அறிந்திருக்க வேண்டும். புற்களின் மகரந்தத்தூள் காற்றில் பெருமளவில் பறப்பது. ஒரு புல்லினத்திலிருந்து மற்றதை அதைக்கொண்டு பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது. சோலை மரங்களில் பல பூச்சிகளால் மகரந்தம் சேர்பவை என்பதால் சதுப்பில் அவற்றின் தடம் குறைவு. காட்டு இலவங்கம் முதலான மரங்களை உள்ளடக்கிய லாரேசியே குடும்பத்தின் மகரந்தத்தூளோ மெல்லிய உறையுடையது, படிவில் நிலைப்பதே இல்லை எனலாம். எனவே மகரந்தக் கணக்கு சோலையைக் குறைத்துக் காட்டும் இயல்புடையது. கார்பன் கணக்குக்கும் தன் குறை உண்டு: சதுப்பிலேயே வளர்ந்து மடியும் கோரைகளும் புற்களும் சேற்றின் பெரும்பகுதி, அவற்றின் மாற்றம் குன்றுச்சரிவின் மாற்றத்தைச் சரியாகப் பிரதிபலிக்க வேண்டுமென்பதில்லை. மேலும் உயர்மலைப் புற்களில் சில சி3 வகையைச் சேர்ந்தவை என்பதால், சி3 பெருகியது என்றவுடன் சோலை பெருகியது என்று படிப்பது அவசரம். மேற்கு நீலகிரியும் நடு, கிழக்குப் பகுதிகளும் ஒரே பருவநிலை மாற்றத்துக்கு ஒரே விதமாக மாறவில்லை என்பதைப் பின்வந்த மண், மகரந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு சதுப்பின் வரலாற்றை மலை முழுவதற்கும் நீட்டுவது, ஒரு மழைமானியைக் கொண்டு மாவட்டத்தின் மழையைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இக்குறைகளையெல்லாம் கழித்த பின்னும் எஞ்சுவது சிறிதன்று. சோலையும் புல்வெளியும் சேர்ந்த கூட்டமைப்பு பனிக்காலத்தையும் அதன் பின்வந்த ஈரக்காலத்தையும் வறட்சியையும் கடந்து வந்திருக்கிறது. விகிதம் மாறியிருக்கிறது, எல்லை நகர்ந்திருக்கிறது, ஆனால் புல்வெளி ஒருபோதும் அற்றுப்போகவில்லை. ஆகவே அதைக் காட்டின் வறிய வடிவமாகக் கருதி மரத்தால் நிரப்ப முயன்ற திட்டங்கள் பிழையான வரலாற்றின் மேல் கட்டப்பட்டவை. அப்பிழையின் விலை நீராலும் அளக்கப்பட்டிருக்கிறது. கிளென்மார்கனில் இயல்பான புல்வெளியும் சோலையும் கொண்ட ஒரு சிறு நீர்ப்பிடிப்பையும், கற்பூர மரம் நடப்பட்ட மற்றொன்றையும் ஒப்பிட்டு மண், நீர்வள ஆய்வாளர்கள் நடத்திய நெடுநாள் சோதனையில், மரம் நட்ட ஓடையின் நீர்வரத்து முதற் பத்தாண்டுச் சுற்றிலேயே ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. 1932இல் பைக்காராவில் தொடங்கிய நீர்மின் உற்பத்தி இந்த ஓடைகளை நம்பியது என்பதை எண்ணினால், ஒரே அரசின் இரு துறைகள் ஒரே நீருக்கு எதிரெதிராக உழைத்தது புலப்படும்.

இவ்விடத்தில் ஓர் எளிய முடிவுக்குத் தாவும் ஆசை எழுவது இயல்பு: பழைய நிலை எது என்று தெரிந்துவிட்டது, அதற்குத் திரும்பினால் போதும். சதுப்பின் வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. எந்தப் பழைய நிலைக்கு? 18,000 ஆண்டுகளுக்கு முந்தையதற்கா, 11,000 ஆண்டுகளுக்கு முந்தையதற்கா, சல்லிவன் கண்டதற்கா? ஒவ்வொன்றும் அதனதன் மழையாலும் குளிராலும் காற்றின் சேர்க்கையாலும் அமைந்தது. பனிக்காலத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 190 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் 280. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. குறைந்த கரியமில வாயு சி4 புற்களுக்குச் சாதகம், மிகுந்த கரியமில வாயு மரங்களுக்குச் சாதகம் என்பதால், பனிக்காலப் புல்வெளியின் பரப்பில் ஒரு பங்கு வறட்சிக்கும் மற்றொரு பங்கு காற்றின் சேர்க்கைக்கும் உரியது. அந்தக் காற்று இனித் திரும்பாது. தொல்சூழலியலிடம் ஓர் ஆண்டைக் கேட்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். எந்த ஆற்றல்கள் ஓர் அமைப்பைத் தாங்கி நிறுத்தின, எந்த எல்லை வரை அது வளைந்து கொடுத்தது என்று கேட்பவர்களுக்கே அது விடை தரும்.

நீலகிரியில் அத்தகைய ஆற்றல்களுள் முதன்மையானது உறைபனி. பள்ளங்களில் குளிர்ந்த காற்று தேங்கும் இரவுகளில் வெட்டவெளிப் புல்லில் முளைக்கும் சோலைமரக் கன்றுகள் கருகிவிடுகின்றன. சோலைக்குள் மரக்கூரையின் அடியில் வெப்பம் தங்குவதால் கன்றுகள் பிழைக்கின்றன. அண்மைக்காலக் களச்சோதனைகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ரங்கநாதனின் 1938ஆம் ஆண்டு வாதம் பெருமளவு நிலைபெற்றுவிட்டது எனலாம். ஆனால் அதே சோதனைகள் இரண்டு எச்சரிக்கைகளையும் தருகின்றன. உறைபனியைச் சோலைமரக் கன்றுகளைவிட நன்றாகத் தாங்கும் சீகை, புல்லுக்கும் சோலைக்கும் இடையிலிருந்த இயற்கை வேலியை உடைக்கிறது. இரவுகள் வெப்பமாகும்போது அவ்வேலி மேலும் தளர்கிறது. இருபதாயிரம் ஆண்டு நிலைத்த புல்வெளி, ஆகவே, அதன் தொன்மையின் வலிமையால் மட்டும் இனி நிலைக்காது. ‘தொடாமல் விட்டால் போதும்’ என்ற கொள்கை இங்கே புல்வெளியைச் சீகையிடம் ஒப்படைப்பதாகவே முடியும்.

பிற நாட்டு அனுபவங்கள் இதே பாடத்தை வேறு முனைகளிலிருந்து தருகின்றன. கலாபகோஸ் தீவுகளில், 1535இல் மனிதர் காலடி வைத்த பின் வந்தவை என்று ஐயுற்ற தாவரங்களை அகற்றும் பணி நடந்துவந்தது. சாந்தா குரூஸ் தீவின் மேட்டுநிலச் சதுப்புகளைக் காத்தி வில்லிஸ் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, அவ்வாறு ஐயுற்றவற்றில் ஆறு தாவரங்களின் தடயங்கள் மனிதர் வருகைக்கு நெடுங்காலம் முன்பே படிவில் இருந்தன. அவற்றுள் ஒன்று, களையென்று பிடுங்கப்பட்டுவந்த ஒரு காட்டுச் செம்பருத்தி இனம். யெல்லோஸ்டோனில் 1988இல் பூங்காவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் தீ பரவியபோது அது நிருவாகத்தின் தோல்வியென்று தூற்றப்பட்டது. ஆனால் ஏரிப்படிவின் கரித்துகளும் மரங்களின் வளையங்களும், அத்தகைய பெருந்தீ அக்காட்டுக்குப் புதிதன்று என்றே சொல்லின.

இன்னும் நுட்பமானது குடகின் கோயிற்காடுகள் பற்றிய ஆய்வு. தேவரகாடு எனப்படும் இத்தோப்புகள் தொல்காட்டின் தீண்டப்படாத எச்சங்கள் என்பது பரவலான நம்பிக்கை. சில தோப்புகளின் மண்படிவை ஆராய்ந்தபோது, ஒருகாலத்தில் மரமடர்த்தி குறைந்து வெளியாய்க் கிடந்த நிலத்தில் மனிதரின் பாதுகாப்பாலேயே காடு மீண்டெழுந்தது தெரியவந்தது. இது அத்தோப்புகளின் மதிப்பைக் குறைக்கிறதென்று சிலர் அஞ்சக்கூடும். உண்மையில் நேர்மாறு: இழந்த காட்டை ஒரு சமூகம் தன் வழக்கத்தால் மீட்டிருக்கிறது என்பது, எஞ்சியதை வேலியிட்டுக் காத்தது என்பதைவிடப் பெரிய செய்தி. நீலகிரியில் மனிதர் கையைக் குற்றமற்றதென்று விடுவித்த அதே முறை, குடகில் மனிதர் கையை ஆக்கத்துக்குரியதென்று அடையாளம் காட்டுகிறது.

இவ்வரலாறு நடைமுறைக்கு இறங்கும்போது சில கடினமான தேர்வுகள் எழுகின்றன. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிக் காட்டுச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. சீகை அகற்றும் பணி அதற்கு முன்பிருந்தே நீதிமன்றத்தின் பார்வையில் இருந்தது. ஆனால் சீகையின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கவல்லது. மரத்தை வெட்டி ஒளி விழச்செய்தால், அல்லது தீ மூட்டினால், அதே நிலத்தில் முன்னினும் அடர்த்தியாக முளைக்கும். ஒருமுறை வெட்டும் செலவைக் கணக்கிட்டு ஆண்டாண்டுக் களையெடுப்பை விட்டுவிடும் திட்டம், புல்வெளிக்கு அன்றிச் சீகைக்கே உதவுகிறது. மற்றொரு புறம், பழைய சீகைத் தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைமரக் கன்றுகள் எழுந்துள்ளன. அவ்விடம் முன்பு புல்வெளியாக இருந்திருக்கலாம். எனினும் முப்பதாண்டுச் சோலைக் கன்றுகளை அழித்துப் புல்லை மீட்பது அறிவுடைமையா என்பதை ஒரே விதியால் முடிவுசெய்ய இயலாது. சோலையும் புல்வெளியும் தம்முள் இடம் மாற்றிக்கொண்ட நீண்ட வரலாற்றை அறிந்தவர், ஓடையோரத்து மடிப்புகளில் அக்கன்றுகளை வளரவிடுவார். வரையாடு நடமாடும் முக்கூர்த்தி போன்ற வெளிகளின் ஓரத்திலோ புல்லின் பக்கமே நிற்பார். அண்மைக்காலத்துக் கார்பன் சேமிப்புத் திட்டங்கள் புல்வெளியை மீண்டும் மரம் நடத்தக்க வெற்றிடமாகப் பார்க்கத் தொடங்கியிருப்பதால், 1938இன் விவாதம் வேறு மொழியில் திரும்பிவருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தீயைப் பற்றிய கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. புல்வெளி மனிதருக்கு முந்தையது என்பதால் மனிதரின் தீ அதற்குத் தேவையில்லை என்று ஆகிவிடாது. கடைசிச் சில நூற்றாண்டுகளில் தொதவர்களின் மேய்ச்சலும் அளவான தீயிடலும் புல்லின் சேர்க்கையை வடிவமைத்திருக்கக்கூடும், அவை நின்றபின் புதர் மண்டுவதை மேய்ப்பவர்களே சுட்டுகிறார்கள். கரித்துகள் அடுக்குகளை நெருக்கமான இடைவெளியில் எண்ணினால், எவ்வளவு இடைவெளியில் தீ வந்தது, குடியேற்றத்துக்கு முன்னும் பின்னும் அது எப்படி மாறியது என்பதற்கு விடை கிடைக்கும். அவ்விடை கிடைக்கும்வரை தீயை முற்றாகத் தடைசெய்வதும் தாராளமாக அனுமதிப்பதும் ஒரே அளவுக்கு ஊகமே.

அந்த விடையைத் தாங்கி நிற்கும் சதுப்புகளோ குறைந்துவருகின்றன. பைக்காரா, குந்தா நீர்மின் திட்டங்களின் நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளின் அடித்தளத்தை மூழ்கடித்தன. எஞ்சிய சதுப்புகள் பல வடிகால் வெட்டி உலர்த்தப்பட்டு உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் தோட்டங்களாயின. உலர்ந்த பீட் காற்றுப் பட்டவுடன் மக்கத் தொடங்குவதால், அதிலுள்ள வரலாறும் அதனுடன் அழிகிறது. மீட்புப் பணி என்ற பெயரிலேயே சதுப்பைத் தோண்டிக் குளமாக்குவதும் நடப்பதுண்டு. இன்றைய முடிவுகளுக்கு மிகவும் தேவைப்படும் கடந்த இருநூறு ஆண்டுகளின் செய்தி படிவின் மேலடுக்கில் இருப்பதால், மண்வெட்டிக்கும் மாட்டுக் குளம்புக்கும் முதலில் இரையாவது அதுவே. ஆகவே, ஒரு பள்ளத்தாக்கில் சீகை அகற்றவோ தடுப்பணை கட்டவோ நிதி ஒதுக்கும்போது, வேலை தொடங்கும் முன்பே அங்குள்ள சதுப்பின் படிவை முழு ஆழத்துக்கும் எடுத்து, குளிர்சேமிப்பில் வைத்து, வயதுக் கணிப்புக்கு அனுப்புவது பணித்திட்டத்தின் முதல் செலவினமாக எழுதப்பட வேண்டும்.